“எத்தனை எம்பி தின்னும்ணே?”: சிங்கப்பூரில் ஒரு சிறு இணைய வானொலி, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்துக்கு வெளியே, எங்கள் வானொலியின் முகவரி அச்சடித்த சீட்டை ஒரு தம்பியிடம் நீட்டினேன். கட்டுமான வேலை, துவாஸ் பக்கம் தங்குவிடுதி. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா இருக்குண்ணே. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை எம்பி தின்னும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த மைக் நல்லது, எந்த மென்பொருள் இலவசம் என்றெல்லாம் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கேட்பவருக்கு என்ன செலவு என்று மட்டும் யோசித்ததே இல்லை.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். நாங்கள் அப்போது 192 கேபிபிஎஸ்-இல், அதாவது நொடிக்கு 192 கிலோபிட் அளவில், ஓட்டிக்கொண்டிருந்தோம். சிடி மாதிரி இருக்க வேண்டும் என்ற வீம்பு. எட்டு பிட் ஒரு பைட், ஆக நொடிக்கு 24 கிலோபைட், மணிக்கு 86.4 எம்பி. தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் மாதம் 5 ஜிபிக்கு மேல். ஊருக்கு வீடியோ கால் பேசவே டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவரிடம், “இலவச வானொலி, வாங்க” என்று சீட்டு கொடுத்திருக்கிறேன்.

ஒன்றரை ஆண்டுக் கதையை இங்கிருந்து தொடங்கக் காரணம், நாங்கள் செய்த தவறுகளில் பாதி இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

நாங்கள் மூன்று பேர். நான் பகலில் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்ப்பவன். இரண்டாமவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எங்கள் புளோக்கில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மூன்றாமவர் ஒலியை வெட்டி ஒட்டும் தம்பி, கிடங்கு வேலை, இருபத்தாறு வயது. நிலையத்தின் பெயரை எழுதவில்லை. விளம்பரமாகத் தோன்றும், தவிர அது முக்கியமும் இல்லை.

பாட்டுப்பெட்டிக் காலம்

எல்லோரையும் போலத்தான் தொடங்கினோம். இணைய வானொலிக்கு அடிப்படையில் மூன்று உறுப்புகள். ஒலியை அனுப்பும் கணினி, அதை வாங்கிப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் சர்வர், கேட்பவரின் ஃபோன். நடுவில் இருக்கும் சர்வருக்கு ஐஸ்காஸ்ட் என்ற இலவச மென்பொருள் போதும். அதற்கு மேலே அஸுராகாஸ்ட் என்ற இன்னொரு மென்பொருளைப் போட்டால், பாட்டுப் பட்டியல், நேர அட்டவணை, தானாக ஓடுவது எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். மாதம் 6 அமெரிக்க டாலருக்கு வாடகை சர்வர், 1 டெராபைட் டேட்டாவோடு. ஒரு சனிக்கிழமை பிற்பகலில் முடிந்த வேலை.

டீச்சருக்கு ஒரு பயம் இருந்தது. “நூறு பேர் கேட்டா நம்ம வீட்டு இன்டர்நெட் படுத்துடாதா?” படுக்காது. வீட்டிலிருந்து சர்வருக்குப் போவது ஒரே ஓடை. நூறாகப் பிரிவது சர்வரில்.

கடவுச்சொல் போட்டு, குடும்பத்தாருக்கு மட்டும் திறந்து, இருபத்து நான்கு மணி நேரமும் பழைய சினிமாப் பாடல்கள் ஓடவிட்டோம். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. பொதுவில் திறக்கும் முன் உரிமத்தைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தபோதுதான் வண்டி நின்றது.

ஒலிபரப்பு உரிமம் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. எஃப்எம் என்றால் அலைவரிசை வேண்டும், அது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத காரியம். இணையம் வேறு. 1996 முதல் இருக்கும் வகுப்பு உரிம ஏற்பாட்டில், இணையத்தில் உள்ளடக்கம் தருபவர்கள் விண்ணப்பம் போடாமலே உரிமம் பெற்றவர்களாகக் கருதப்படுகிறார்கள். ஊடகங்களைக் கவனிக்கும் அரசு ஆணையமான ஐஎம்டிஏவின் இணைய நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். சிங்கப்பூர் அரசியலையோ சமயத்தையோ பரப்பும், விவாதிக்கும் குழுவென்றால் பதிவு செய்யும் கடமை வரும். வெள்ளிக்கிழமை காலை பக்திப் பாடல் போட்டால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று எங்களுக்குள் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் பாடலே போகப்போகிறது என்று ஆனதால் அந்த வாதம் தானாக அடங்கிவிட்டது.

சிக்கல் பாட்டில்தான். ஒரு திரைப்பாடலில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று, அந்த ஒலிப்பதிவு இன்னொன்று. முதலாவதற்கு இங்கே அனுமதி தருவது காம்பாஸ் என்ற சங்கம், 1987 முதல் இருக்கிறது. இரண்டாவது ஆடியோ நிறுவனங்களுடையது, அதற்குத் தனியாகப் போக வேண்டும். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்காரர்களின் கையை இன்னும் பலப்படுத்தியிருக்கிறது. “நாங்க சின்ன ஆளுங்க, காசு பண்ணல” என்பது யாரிடமும் செல்லாது. இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். நாங்கள் மலைத்துப் போனது எல்லை விஷயத்தில். உரிமம் பொதுவாக ஒரு நாட்டுக்கு உட்பட்டது. இங்கே காசு கட்டிப் போடும் பாட்டை அறந்தாங்கியில் உட்கார்ந்து ஒருவர் கேட்டால், அது வேறு நாட்டுக் கணக்கு. வெளிநாட்டு முகவரிகளைச் சர்வரில் தடுத்துவிடலாம், மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் ஊரில் இருக்கும் குடும்பமும் இங்கே இருப்பவரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே இணைய வானொலி?

நான் சோர்ந்துபோய், “சினிமாப் பாட்டு இல்லாம தமிழ் வானொலியா, யாரு கேப்பா டீச்சர்?” என்றேன்.

“பாட்டு கேக்கணும்னா ஒலி 96.8 இருக்கு, நாளெல்லாம் போடறாங்க. நம்மகிட்ட என்ன இருக்கு? அதைச் சொல்லு.”

சரி, என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் டீச்சரின் குரல் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

இரும்புக் கதவுக்குள்

1998க்குப் பிறகு கட்டத் தொடங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஒரு சின்ன அறை இருக்கும். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ஊரில் எல்லோரும் பாம் ஷெல்டர் என்பார்கள், புழக்கத்தில் அது ஸ்டோர் ரூம்தான். டீச்சர் வீட்டு ஷெல்டரில் அரிசி மூட்டை, தீபாவளிக் கோலப் பொடி, பேரனின் பழைய சைக்கிள் எல்லாம் இருந்தன. அதுதான் எங்கள் ஸ்டூடியோ.

முன்னதாக வரவேற்பறையில் முயன்று பார்த்தோம். நான் வாங்கிய முதல் மைக் கண்டென்சர் வகை. நல்ல மைக்தான், நல்லதாக இருந்ததுதான் தொல்லை. டீச்சரின் குரலோடு மின்தூக்கிக் கதவு, மேல்வீட்டு நாற்காலி, பக்கத்து வீட்டுக் குழம்புத் தாளிப்பு எல்லாவற்றையும் பிடித்தது. அதிகாலையில் பதிவு செய்தால் அமைதியாக இருக்கும் என்று நம்பி எழுந்தால், குயில். இலக்கியத்தில் குயிலைக் கொண்டாடிய எவரும் சிங்கப்பூர் அடுக்குமாடியில் விடிகாலை ஐந்தரைக்கு ஒலிப்பதிவு செய்து பார்த்திருக்க மாட்டார்கள். அதன்பின் வாயருகே வைத்துப் பேசும் டைனமிக் மைக்குக்கு மாறினோம். கச்சேரி மேடைகளில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த ஷூர் எஸ்எம்58தான். 1966இல் வந்த மாடல் இன்னும் விற்கிறது. எட்ட இருக்கும் சத்தத்தை அது அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

ஷெல்டருக்குள் வெளிச்சத்தம் வராது, ஆனால் உள்சத்தம் வெளியே போகாது. முதல் நாள் டீச்சர் “வணக்கம்” என்றதும் கிணற்றுக்குள்ளிருந்து பேசியது போல் திரும்பி வந்தது. நேருக்கு நேர் நிற்கும் வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து போல அடித்துக்கொண்டிருக்கும். சுவரில் துளை போடுவதற்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு, அதனால் நுரைப் பலகை மாட்டும் யோசனையை விட்டோம். துணி காயப்போடும் ஸ்டாண்டுகள் இரண்டை விரித்து, டீச்சரின் பழைய பட்டுப் புடவைகளையும் கம்பளிகளையும் மடித்துத் தொங்கவிட்டோம். ஓர் ஒற்றை மெத்தையைப் பின்சுவரில் சாய்த்தோம். அரிசி மூட்டையை மட்டும் எடுக்க வேண்டாம் என்று தம்பி சொன்னார், அதுவும் ஒலியைக் குடிக்குமாம். இதற்கு ஆன செலவு பூஜ்யம். கேட்டுப் பார்த்தால் வாடகை ஸ்டூடியோ போலவே இருந்தது. ஒரே குறை, நாற்பது நிமிடத்தில் டீச்சர் வியர்த்துக் குளித்துவிடுவார். மின்விசிறி போட்டால் மைக்கில் விழும்.

வைஃபை அந்தச் சுவரைத் தாண்டாது. ஆகவே தட்டையான லேன் கேபிள் ஒன்றைக் கதவுக்கு அடியில் இழுத்துவிட்டோம். இந்தக் கேபிளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்பியைக் குறைத்ததும் நடந்தது

தேக்காவில் கேட்ட கேள்விக்குப் பிறகு 192ஐ 48 ஆக்கினோம், எச்ஈ-ஏஏசி என்ற ஒலிச்சுருக்க முறையில். பேச்சுக்கு அது தாராளம். மணிக்கு 21.6 எம்பி. இருபத்து நான்கு மணி நேரத்தையும் கைவிட்டு, வியாழன், சனி, ஞாயிறு மூன்று இரவுகள் மட்டும், 8.30 முதல் 10 வரை என்று முடிவு செய்தோம். இங்கே எட்டரை என்றால் தமிழ்நாட்டில் ஆறு, விளக்கு வைக்கும் நேரம். விடுதியில் குளித்துச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், ஊரில் அடுப்படி வேலை தொடங்கியிருக்காது. இந்தத் திட்டத்தில் ஒருவர் ஒரு இரவு விடாமல் கேட்டாலும் மாதம் அரை ஜிபிகூட ஆகாது. சர்வர் பக்கமும் பாருங்கள். 60 பேர் 192-இல் நாள் முழுதும் கேட்டால் மாதம் 3.7 டெராபைட், 6 டாலர் சர்வர் தாங்காது. அதே 60 பேர் புதிய ஏற்பாட்டில் கேட்டால் 25 ஜிபி சொச்சம்.

ஆனால் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று ஏறும் என்பதை ஒரு விடுகதைப் போட்டியில் கற்றோம். டீச்சர் விடுகதை போடுவார், வாட்ஸாப்பில் குரல் பதிவாகப் பதில் வரும். மாற்றத்துக்குப் பிறகு பதில்கள் தாமதமாக வந்தன. டீச்சர் விடையைச் சொல்லி முடித்த பின் விடை வரும், எல்லோரும் காப்பியடித்தது போல ஆகிவிடும். காரணம் ஐஸ்காஸ்ட்டின் ஒரு நல்ல பழக்கம். புதிதாக ஒருவர் இணைந்ததும் காத்திருக்க வைக்காமல், கையிருப்பில் உள்ள 64 கிலோபைட்டை மொத்தமாகத் தள்ளிவிடும், பாட்டு உடனே ஓடத் தொடங்கும். 192-இல் 64 கிலோபைட் என்பது மூன்று நொடிக்கும் குறைவு. 48-இல் அது கிட்டத்தட்ட 11 நொடி. அதாவது கேட்பவர் 11 நொடி பழைய ஒலியிலிருந்து தொடங்குகிறார், ஃபோனின் சொந்தத் தாமதம் தனி. அமைப்புக் கோப்பில் அந்த அளவைக் குறைத்தோம், பாதி சரியானது. மீதிப் பாதிக்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். விடுகதை போட்டதும் பழமொழி ஒன்றை எடுத்து நிதானமாக விளக்குவார், அப்புறம்தான் விடை.

இன்னொரு சின்ன எரிச்சல். நிகழ்ச்சிப் பெயரைத் தமிழில் கொடுத்தால் ஃபோன் திரையில் எழுத்துக் குப்பையாக வந்தது. இவ்வகை ஓடைகளின் தலைப்பை ஐஸ்காஸ்ட் லத்தீன் எழுத்து என்றே எடுத்துக்கொள்ளும், தமிழையும் காட்டக்கூடிய யூடிஎஃப்-8 முறை என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு வரி. அந்த ஒரு வரியைத் தேட மூன்று இரவு.

எத்தனை பேர் கேட்டார்கள்?

முதல் வாரம் முந்நூறு இணைப்பு என்று திரை காட்டியது. தம்பி துள்ளினார். சர்வரின் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவை பத்து நொடிகூட நிற்கவில்லை. வானொலிப் பட்டியல் தளங்களின் நிரல்கள் ‘உயிரோடு இருக்கிறதா’ என்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனவை. ஒருவர் வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினால் அறுந்து புதிதாக இணையும், ஒரே ஆள் மூன்றாகிவிடுவார். ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றவர்களை மட்டும் எண்ணினால் பத்தொன்பது.

நேர்மாறான தவறும் உண்டு. இணைய முகவரிகளை வைத்து எண்ணினால் ஒரு விடுதி முழுக்க ஒரே வைஃபை முகவரியில் தெரியும். ஒரு ஞாயிறு ஒரே முகவரியில் பதினொரு இணைப்பு ஒன்றரை மணி நேரம் நின்றது. பதினொரு ஃபோனா, அல்லது ஒவ்வொரு ஃபோனையும் சுற்றி நான்கு பேரா? இதை எந்த மென்பொருளும் சொல்லாது. அதன்பின் எண்ணைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, எத்தனை குரல் பதிவு வருகிறது என்று பார்க்கத் தொடங்கினோம்.

பேருந்து

நிகழ்ச்சியில் எது நிலைத்து நின்றது என்று கேட்டால், நாங்கள் திட்டமிட்டவை பலவும் நிற்கவில்லை. டீச்சர் ஆசைப்பட்டு, 1887இல் மகதூம் சாயபு இங்கே தொடங்கிய ‘சிங்கைநேசன்’ இதழைப் பற்றித் தொடர் செய்தார். நன்றாகத் தயாரித்தது. மெச்சினார்கள், ஆனால் அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. புதுமைப்பித்தன் கதை வாசித்ததற்கு ஓரளவு வரவேற்பு இருந்தது. அவர் இறந்தது 1948இல், ஆகவே உரிமைத் தலைவலியும் இல்லை.

நின்றது ஒரு பேருந்து. ஒரு வியாழன் இரவு ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம். “டீச்சர், எங்க ஊரு பஸ்ஸு எங்கெங்க நிக்கும்னு சொல்லவா? தூக்கம் வரலேன்னா நான் மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேன்.” சொன்னார். புதுக்கோட்டையில் ஏறி, திருவரங்குளம், ஆலங்குடி, கொத்தமங்கலம், கீரமங்கலம். நடுவில் டீக்கடை, ஆலமரம், நடத்துநர் விசில் அடிக்கும் இடம் எல்லாம் சேர்த்து.

பதிவு ஓடி முடிவதற்குள் வாட்ஸாப் பொங்கியது. “வம்பன் நால்ரோட்டை விட்டுட்டாரே!” இன்னொருவர், “அவரு சொல்ற பஸ்ஸு அங்க நிக்காது, எக்ஸ்பிரஸ்ஸு.” ஊரிலிருந்து ஒரு பெண்குரல், “நான் தினம் அதுலதான் போறேன், இப்ப நிக்குது.” டீச்சர் நடுவராக உட்கார்ந்தார். அன்று 10 மணிக்கு முடிக்க முடியவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அது தனி நிகழ்ச்சி. வாரம் ஒருவர், ஒரு பேருந்து, நினைவிலிருந்து மட்டும். எழுதி வைத்துப் படித்தால் டீச்சர் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். எந்தப் பாட்டும் இல்லை, யாருக்கும் உரிமைத் தொகை இல்லை. சொல்லப்போனால், பாட்டுக்கு அனுமதி கிடைத்திருந்தால் இது நடந்தே இருக்காது. இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு நிமிடம் ஒதுக்கி அந்த மனிதரை முடித்திருப்போம்.

குரல் பதிவுகளில் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறோம். ஒலிபரப்பலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒப்புதல் வாங்குகிறோம், தொலைபேசி எண்ணையும் வேலையிடத்தையும் வெளியே சொல்வதில்லை. சம்பளப் பாக்கி பற்றி ஒருவர் பெயர் சொல்லி அனுப்பிய பதிவை நாங்கள் போடவில்லை. தம்பிக்குக் கோபம். “இதுக்குத்தானே வானொலி?” என்றார். விசாரிக்கும் வசதி நமக்கு இல்லை, போட்டால் மாட்டிக்கொள்வது முதலில் அனுப்பியவர்தான் என்று டீச்சர் சொன்னார். மனிதவள அமைச்சுக்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கும் வழி சொல்லி அனுப்பினோம். தம்பி இன்றும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கேபிள்

ஒரு ஞாயிறு, நல்ல கூட்டம். நேரம் 9.05. வியர்வை தாங்காமல் டீச்சர் கதவைக் கொஞ்சம் திறக்கச் சொன்னார். திறந்தேன். பிறகு பேரன் அழுகை கேட்டு மூடினேன், சற்று வேகமாக. இரும்புக் கதவு கேபிளைக் கடித்தது.

இதற்கும் ஏற்பாடு செய்துதான் வைத்திருந்தேன். மூல ஓடை அறுந்தால் ஐஸ்காஸ்ட் கேட்பவர்களைத் தானாக ஒரு மாற்று ஓடைக்கு நகர்த்தும். அங்கே டீச்சர் குரலில் “சற்றுப் பொறுங்கள், வந்துவிடுகிறோம்” என்ற பதிவு சுற்றிக்கொண்டிருக்கும். நகர்த்தியது. ஆனால் ஒலியை நொடிக்கு எத்தனை முறை மாதிரி எடுக்கிறோம் என்ற கணக்கில் நேரலை 44.1 கிலோஹெர்ட்ஸ், அந்தப் பதிவை நான் 48 கிலோஹெர்ட்ஸில் செய்திருந்தேன். ஒரு வேகத்துக்குப் பழகிய சில ஃபோன்கள் அதே வேகத்தில் அதையும் ஓட்டின. எட்டு விழுக்காடு மெதுவாக, தடித்த குரலில், “சற்..றுப் பொ..றுங்கள்.”

நான்கு நிமிடத்தில் வேறு கேபிள் மாட்டி மறுபடி நேரலைக்கு வந்தோம். மன்னிப்புக் கேட்டு, பேருந்தைத் தொடர்ந்து, இருபது நிமிடம் உற்சாகமாகப் பேசினோம். பேருந்தைப் பற்றி ஒரு பதில்கூட வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பதிவும், “டீச்சருக்கு என்ன ஆச்சு? உடம்பு முடியலையா?” என்றுதான் இருந்தன. நேரலை திரும்பியதும் கேட்பவர்களைத் திருப்பிக் கூட்டி வர ஐஸ்காஸ்ட்டில் தனி அனுமதி ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. எல்லோரும் அந்த மெதுவான குரலிலேயே அடைபட்டிருந்தார்கள், நாங்கள் அரிசி மூட்டையிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது பதிவு 44.1-இல் இருக்கிறது, அனுமதியும் திறந்திருக்கிறது. கதவின் ஓரத்தில் ஒரு பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் செருகி வைத்திருக்கிறோம், கேபிள் மேல் கதவு உட்காராது.

மிச்சமிருக்கும் பலவீனம் நான்தான். சர்வர் தெரிந்தவன் நான் ஒருவன். போன மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தபோது வியாழன் நிகழ்ச்சியே இல்லாமல் போயிற்று. அதனால் இப்போது சனிக்கிழமை பிற்பகல்களில் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் பாடமாக, நிகழ்ச்சி ஓடும்போதே கேபிளைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, இன்னொரு ஃபோனில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். டீச்சருக்கு முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன்.